நாய்க்கு விஷம் வைத்தால் ஐம்பது ரூபாய்தானா?

கேள்வி:

வக்கீல் சாருக்கு வணக்கம். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான், பாளையங்கோட்டையில் ஒரு காலனியில் தனியாக இருக்கிறேன். எங்கள் தெருவில் மூன்று நாய்கள். ஐந்து வருடமாகச் சோறு போடுகிறேன், என் செலவில் வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டிருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மூன்றும் காலிமனை ஓரம் நுரை தள்ளிக் கிடந்தன. இரண்டு செத்துவிட்டன. ஒன்றை ஆட்டோவில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனேன், பிழைத்துக்கொண்டது. பக்கத்தில் கறித்துண்டுகள் கிடந்தன, மேலே மணல் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. செத்ததை மாநகராட்சி வண்டியில் எடுத்துப் போய்விட்டார்கள். யார் செய்தது என்று எனக்குத் தெரியும், ஆனால் கண்ணால் பார்க்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளையை ஆறு மாதம் முன்பு ஒரு நாய் கடித்தது. ஸ்டேஷனுக்குப் போனால், "ஐம்பது ரூபாய் ஃபைன் போடுற கேஸுக்கு நாங்க அலையணுமா டீச்சர்?" என்று சிரித்துவிட்டு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். ஜல்லிக்கட்டுக்கு அவசர அவசரமாகச் சட்டம் போட்ட நம் மாநிலம் இதற்கு ஒரு சட்டம் போடாதா? இன்னொன்று: எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஒரு நாயை நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அதற்கும் வழி உண்டா?

- பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்:

டீச்சர், வணக்கம். உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது "மூன்று வாரத்துக்கு முன்னால்" என்கிற வார்த்தைதான். ஏன் என்று கீழே சொல்கிறேன், இப்போதைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதியை ஒரு தாளில் எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

ஸ்டேஷனில் சொன்ன ஐம்பது ரூபாய் பொய் இல்லை. 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் அப்படித்தான் இருக்கிறது. முதல் தடவை என்றால் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்து மாட்டினால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். 1960இல் ஐம்பது ரூபாய் என்பது ஏறக்குறைய அரைப் பவுன் தங்கம், அன்றைக்கு அது உறைத்திருக்கும். இன்றைக்கு அரைப் பவுன் என்ன விலை என்று நகைக்கடை வாசல் போர்டைப் பார்த்தால் தெரியும், சட்டப் புத்தகத்தில் மட்டும் அதே ஐம்பது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மத்திய அரசு 2022 நவம்பரில் அபராதத்தைப் பல மடங்கு ஏற்றி, கொடூரமான வதைக்குச் சிறைத் தண்டனையும் வைத்து ஒரு வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு விட்டது. அது சட்டமாகவில்லை.

ஆனால் உங்களை அனுப்பிவைத்தவர் ஒரு சட்டத்தைச் சொல்லிவிட்டு இன்னொன்றை விட்டுவிட்டார். தெரியாமல் விட்டாரா, தெரிந்தே விட்டாரா, அது அவருக்கும் அவர் மனசாட்சிக்கும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 325 என்று ஒரு பிரிவு இருக்கிறது. எந்த ஒரு விலங்கையும் கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனமாக்கினாலோ, ஒன்றுக்கும் உதவாதபடி செய்தாலோ ஐந்து வருடம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். இது காக்னிசபிள், அதாவது கோர்ட் உத்தரவுக்குக் காத்திருக்காமல் போலீஸே வழக்குப் பதிந்து விசாரிக்க வேண்டிய குற்றம். ஜாமீனில் விடக்கூடியதுதான், அதனால் மறுநாளே ஆளை உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பழைய சட்டத்தில் இது 428, 429 என்று இரண்டாக இருந்தது. பத்து ரூபாய் மதிப்புள்ள விலங்கு, ஐம்பது ரூபாய் மதிப்புள்ள விலங்கு என்று விலை போட்டுப் பிரித்திருந்தார்கள், மாடு குதிரைக்கு ஒரு தண்டனை, நாய்க்கு வேறு. தெருநாய்க்கு எங்கே போய் மதிப்புச் சான்றிதழ் வாங்குவது என்று கோர்ட்டில் எதிர்த்தரப்பு கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். புதுச் சட்டத்தில் அந்த விலைப்பட்டியல் போய்விட்டது. நாயோ எருமையோ, எல்லாவற்றுக்கும் ஒரே பிரிவு.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். பிரிவில் "கொல்லுதல்" என்பதோடு "விஷம் வைத்தல்" என்பதும் தனியாகவே இருக்கிறது. அப்படியென்றால் பிழைத்துக்கொண்ட அந்த மூன்றாவது நாய்க்கு நடந்ததும் குற்றம்தான். உங்கள் வழக்கில் மிகப் பெரிய பலமே அந்த நாய்தான் டீச்சர். செத்த இரண்டும் மாநகராட்சி வண்டியோடு போய்விட்டன, பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. பிழைத்தது டாக்டர் கையில் போயிருக்கிறது. அவர் அன்றைக்கு எழுதிய சீட்டு உங்களிடம் இருக்கிறதா? அதில் அட்ரோபின் ஊசி போட்டதாக இருந்தால் அது சாதாரண மருந்துச் சீட்டு இல்லை. சில வகைப் பூச்சிமருந்து விஷத்துக்குக் கொடுக்கும் மாற்று மருந்து அது. சும்மா வயிற்றுப்போக்குக்கு யாரும் அப்படி ஏற்றமாட்டார்கள். டாக்டரிடம் போய், எந்தத் தேதி, எத்தனை மணிக்குக் கொண்டுவந்தீர்கள், நுரை, வலிப்பு, கண்பாவை எப்படி இருந்தது, என்ன விஷம் என்று சந்தேகப்பட்டார், என்ன சிகிச்சை கொடுத்தார் என்று ஒரு சான்றாக எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். கூடவே பில்லும். பில் எதற்கு என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

325ஆம் பிரிவு இருப்பது சொத்துச் சேதம் பற்றிய அத்தியாயத்தில். சட்டத்தின் கண்ணில் விலங்கு இன்னும் ஒரு சொத்து, அதற்குச் செய்யும் கேடு யாருக்கோ ஆகும் நஷ்டம். எனக்கு இதில் உடன்பாடே கிடையாது, வலி நாய்க்கு, நஷ்டக் கணக்கு மனிதனுக்கு என்பது விசித்திரமான ஏற்பாடு. ஆனாலும் அப்படித்தான் இருக்கிறது, எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே எழுந்து "தெருநாய் யாருடைய சொத்து? யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பார். அதற்கு உங்கள் தடுப்பூசி அட்டை, ஆட்டோ செலவு, டாக்டர் பில், ஐந்து வருடமாகப் பராமரித்ததற்கு அக்கம்பக்கத்தார் சாட்சி, நாயின் காதில் கருத்தடை அடையாள வெட்டு இருந்தால் அதன் போட்டோ எல்லாம் பதில். மாநகராட்சி பணம் செலவழித்துக் கருத்தடை செய்த நாய் என்றால் நஷ்டம் பொதுமக்களுக்கும் சேர்த்துத்தான், அந்தச் சட்டத்தில் "பொதுமக்களுக்கோ எந்த நபருக்கோ" என்றுதான் வார்த்தை.

அதனால்தான் புகாரில் 325ஐ மட்டும் எழுதிவிட்டு நிற்கக் கூடாது. வதைத் தடுப்புச் சட்டத்தின் 11(1)இல் 'சி' உட்பிரிவு, தீங்கான பொருளை வேண்டுமென்றே விலங்குக்குக் கொடுப்பது பற்றியது. 'எல்' உட்பிரிவு, தெருநாய் உட்பட எந்த விலங்கையும் தேவையில்லாத கொடுமையான முறையில் கொல்வது பற்றியது. தெருநாய் என்று பெயர் சொல்லியே அங்கே எழுதியிருக்கிறது, யாருடைய சொத்து என்ற கேள்வியே அங்கே எழாது. அபராதம் ஐம்பது ரூபாய்தான், ஆனால் 31ஆம் பிரிவுப்படி இந்த 'எல்' உட்பிரிவும் காக்னிசபிள்தான். அப்புறம், ஆளும் பிள்ளையும் நடமாடுகிற இடத்தில் விஷத்தை அலட்சியமாகப் போட்டதற்கு நியாய சன்ஹிதாவில் 286ஆம் பிரிவு, ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதை ஸ்டேஷனில் அழுத்திச் சொல்லுங்கள். நாய்க்காக வந்திருக்கிறீர்கள் என்றால் சிரிப்பார்கள், காலனிப் பிள்ளைகள் விளையாடுகிற காலிமனையில் விஷக்கறி கிடந்தது என்றால் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். இது தந்திரம் இல்லை, அதுவும் உண்மைதானே.

இப்போது அந்தத் தேதி விஷயம். வதைத் தடுப்புச் சட்டத்தின் 36ஆம் பிரிவை எங்கள் ஆட்களிலேயே பாதிப் பேர் திறந்து பார்ப்பதில்லை. குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதம் தாண்டிவிட்டால் அந்தச் சட்டத்தின் கீழ் வழக்கே தொடர முடியாது. மூன்று வாரம் போய்விட்டது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஆர். ரசீதைப் பத்திரமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டு "கூப்பிடுவாங்க, கூப்பிடுவாங்க" என்று காத்திருந்து தொண்ணூற்று ஐந்தாவது நாள் என்னிடம் வந்தவர்கள் உண்டு. 325க்கு இந்தக் கெடு இல்லை என்பது ஆறுதல், ஆனால் இரண்டு காலில் நிற்க வேண்டிய வழக்கை ஏன் ஒற்றைக் காலில் நிறுத்த வேண்டும்?

சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்தது என்பதற்கான ரசீது மட்டுமே. எஃப்.ஐ.ஆர். ஆகாது. காக்னிசபிள் குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 173ஆம் பிரிவு போலீசுக்கு ஒரு சின்ன இடைவெளி கொடுத்திருக்கிறது. மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்து பார்க்கலாம். 325 ஐந்து வருடம், ஆக இது அந்த வட்டத்துக்குள் வரும். அப்படி விசாரணை நடக்கிறதா, அனுமதி வாங்கினார்களா என்று எழுத்தில் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் அதே புகாரை மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு, துணை ஆணையர் பார்வைக்கு என்று போட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் 175(3)இன் கீழ் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பிரமாணப் பத்திரத்தோடு மனு. இந்த வரிசை மாறக் கூடாது. நேராகக் கோர்ட்டுக்கு வந்தால் "மேலதிகாரிக்கு அனுப்பினீர்களா?" என்ற ஒரு கேள்வியில் திருப்பி விட்டுவிடுவார்கள். வதைத் தடுப்புச் சட்டக் குற்றத்துக்கு நீங்களே தனிப் புகாராகவும் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம், அந்தக் கதவும் திறந்துதான் இருக்கிறது.

கறித்துண்டு என்னவாயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்து வைத்திருந்தால் தயவுசெய்து வீட்டு ஃப்ரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அப்படி ஒருவர் வைத்திருந்ததைக் கேட்டு என் ஜூனியர் ஒரு வாரம் யார் வீட்டிலும் காபிகூடக் குடிக்கவில்லை. வெறும் கையால் தொடாமல் இரண்டு பிளாஸ்டிக் கவரில் கட்டி, ஒரு டப்பாவில் மூடித் தேதி எழுதி ஒட்டி, போலீஸ் வந்து மகஜர் (சாட்சிகள் முன்னால் பொருளைக் கைப்பற்றியதற்கான குறிப்பு) எழுதி சீல் வைத்து எடுத்துப் போகச் சொல்லுங்கள். நீங்களே கொண்டுபோய் மேஜைமேல் வைத்தால் "டீச்சரே தடவிக் கொண்டுவந்தார்" என்று நாளைக்குச் சொல்ல இடம் கொடுக்கிறீர்கள். மணல் மாதிரி என்று எழுதியிருக்கிறீர்களே, வயலில் போடுகிற குருணை மருந்தும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். அதுவா இதுவா என்று நானும் நீங்களும் சொல்ல முடியாது, தடய அறிவியல் ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

இனி எங்கேயாவது இப்படி நடந்தால் (நடக்க வேண்டாம், இருந்தாலும்) உடலைப் புதைக்க விடாதீர்கள், எடுத்துப் போகவும் விடாதீர்கள். பல வருடம் முன்னால் என்னிடம் வழக்குக் கொடுத்திருந்த பெண் ஒருவர், நாய் செத்த அன்றைக்கு ஸ்டேஷனில் ஆள் இல்லை என்று தெரிந்ததும் நேராக மீன் மார்க்கெட் போய், பழகின மீன்காரரிடம் ஒரு பெரிய தெர்மகோல் பெட்டியும் இரண்டு கூடை ஐஸும் வாங்கி வந்துவிட்டார். நாயைச் சாக்கில் சுற்றி உள்ளே வைத்து, மேலே ஐஸைக் கொட்டி, மூடிக்கு டேப் ஒட்டி, வீட்டுத் திண்ணையில் வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வெரால் மீன் வாசனையோடு அந்தப் பெட்டி மறுநாள் மதியம் கால்நடை மருத்துவரிடம் போனது. இரைப்பையில் இருந்ததும் ஈரல் துண்டும் எடுக்கிற நிலையில் இருந்தன. அந்த வழக்கு நின்றதே அந்த ஐஸ் பெட்டியால்தான், என் வாதத்தால் இல்லை. ஸ்டேஷனிலிருந்து எழுத்துக் கோரிக்கை போனால் அரசு கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்து தருவார். உங்களுக்கு ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியும் பக்கத்திலேயே இருக்கிறது.

சிசிடிவி. காலிமனையைப் பார்த்தாற்போல் எந்த வீட்டிலாவது கேமரா இருக்கிறதா? அதன் ஹார்ட் டிஸ்க் அளவைப் பொறுத்துச் சில வாரத்தில் பழைய பதிவு அழிந்து புதுசு ஏறிவிடும். இன்றைக்கே போய்க் கேளுங்கள், நாளைக்கு இல்லை. பதிவு இருந்தால் மொபைலில் திரையைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பிக்கொள்ளாமல், பென் டிரைவில் அப்படியே நகலெடுத்து, கேமரா வைத்திருப்பவரிடம் புதிய சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவுச் சான்றுக்கு ஒத்துழைப்பதாகச் சொல்லி வாங்குங்கள். அந்தச் சான்று இல்லாத வீடியோவைக் கோர்ட்டில் காட்டப் போனால், படம் ஓடுவதற்கு முன்னாலேயே ஆட்சேபணை வந்துவிடும்.

"யார் செய்தது என்று தெரியும், கண்ணால் பார்க்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் தெரியாது டீச்சர். புகாரில் "அடையாளம் தெரியாத நபர்" என்றே எழுதுங்கள். சந்தேகத்துக்குக் காரணமான சம்பவங்களைத் தேதியோடு தனியாக எழுதுங்கள், முடிவைப் போலீஸ் எடுக்கட்டும். காலனி வாட்ஸப் குரூப்பில் அந்த வீட்டுக்காரர் பெயரைப் போடுவது, முகநூலில் போட்டோவோடு "கொலைகாரன்" என்று எழுதுவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறு வழக்கில் நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவராக நிற்கிற நிலைமை வந்துவிடும், அப்புறம் நாய் கதை அங்கேயே முடிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த வீட்டுப் பிள்ளையை நாய் கடித்ததை ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். ஐந்து ஊசி போட்டுக்கொண்டு, ராத்திரி தூக்கத்தில் அலறுகிற பிள்ளையை வைத்திருக்கிற தகப்பனுக்கு அது ஒரு வரி இல்லை. விஷம் வைத்ததற்கு அது நியாயம் ஆகாது. ஆனால் உங்கள் சோற்றுத் தட்டு எங்கே இருந்தது என்று கேள்வி வரும். 2023 மார்ச்சில் வந்த நாய்க் கருத்தடை விதிகளில் 20ஆவது விதி சோறு போடுவதைப் பற்றியது: பிள்ளைகள் விளையாடும் இடம், வீட்டு வாசல், மாடிப்படி ஓரம் எல்லாம் தவிர்த்து, குழந்தைகளும் முதியவர்களும் அதிகம் நடமாடாத நேரமாகப் பார்த்து, குடியிருப்போர் சங்கத்தோடு பேசி இடம் ஒதுக்க வேண்டும், மிச்சம் மீதியைச் சுத்தம் செய்ய வேண்டும். 2025 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றம் இன்னும் இறுக்கி, தெருவில் கண்ட இடத்தில் சோறு போடக் கூடாது, வார்டுக்கு வார்டு அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்றது. நவம்பர் 7இல் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் மாதிரி இடங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொன்னது. ஆகவே உங்கள் வார்டில் எந்த இடம் என்று மாநகராட்சிக்கு எழுத்தில் கேட்டு, பதில் வரும்வரை தட்டைக் காலிமனையிலிருந்தும் வாசல்களிலிருந்தும் தள்ளி வையுங்கள். நீங்கள் விதியை மீறியிருந்தாலும் விஷம் வைத்தவன் குற்றம் குறையாது, ஆனால் குறுக்கு விசாரணையில் உங்கள் வாயை அடைக்க அது ஒன்று போதும்.

மாநிலச் சட்டம் பற்றிக் கேட்டீர்கள். நல்ல கேள்வி, கொஞ்சம் காரமான கேள்வியும்கூட.

இந்த 1960 சட்டத்துக்கே நம் ஊர்ப் பக்கம் ஒரு சொந்தம் உண்டு. மதுரையில் பிறந்து கலாக்ஷேத்ரா நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது தனி உறுப்பினர் மசோதாவாகக் கொண்டுவந்ததுதான் இதற்கு ஆரம்பம். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு சொன்னபிறகு அவர் அதைத் திரும்பப் பெற்றார், பிறகு 1960இல் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர், வாரியம் பல காலம் சென்னையில்தான் இருந்தது, 2018இல்தான் ஹரியானாவுக்குப் போனது.

பிராணி வதைத் தடுப்பு என்பது அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் 17ஆவது இனம். மத்திய அரசும் சட்டம் போடலாம், மாநிலமும் போடலாம். மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும், அது கிடைத்தால் அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டம் செல்லும். ஜல்லிக்கட்டில் நடந்தது அதுதான். 2009இல் போட்ட ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டத்தை 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. மெரினாவில் கூட்டம் உட்கார்ந்த பிறகு, 2017 ஜனவரி 21 அவசரச் சட்டம், 23 சட்டசபையில் நிறைவேற்றம், 31 குடியரசுத் தலைவர் ஒப்புதல். பத்து நாள் கதை. 1960 சட்டத்தையே தமிழ்நாட்டுக்கு மட்டும் திருத்தி, ஜனவரியிலிருந்து மே வரை நடக்கிற ஜல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழாவுக்கு விலக்குக் கொடுத்தார்கள், 2023 மே 18இல் ஐந்து நீதிபதி அமர்வு அதைச் சரி என்று சொல்லிவிட்டது. அந்த விலக்கு காளைக்கு என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பதற்கு இல்லை, கண்ணில் மிளகாய்ப் பொடி போடுவதையும் வாலைக் கடிப்பதையும் அனுமதிப்பதற்கு இல்லை. கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று கொடுக்காத மாடு வாடிவாசலுக்கே வரக் கூடாது. பொங்கலுக்குக் கத்தி கட்டி விடுகிற சேவல் சண்டையும் இந்தத் திருத்தத்தில் சேராது. அது இன்றைக்கும் குற்றம், சண்டைக்கு இடம் கொடுத்து நடத்துகிறவர் மேலும் வழக்கு வரும். இதை உங்கள் சொந்த ஊர் அண்ணன் தம்பிமாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

ஆக, நீங்கள் கேட்டதற்கு என் பதில்: அதே கதவு வழியாக அபராதத்தை ஐம்பதிலிருந்து ஐம்பதாயிரமாக ஏற்றவும் சட்டசபையால் முடியும். திருத்த அதிகாரம் இருக்கிறது, பயன்படுத்திய அனுபவமும் இருக்கிறது. இதற்காக மெரினாவில் யாரும் உட்காரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் மாநிலச் சட்டம் வந்துவிட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. கோயிலில் ஆடு கோழி வெட்டக் கூடாது என்று 1950இலேயே இங்கே ஒரு சட்டம் இருந்தது, எத்தனை பேருக்குத் தெரியும்? அரை நூற்றாண்டு அது தூங்கியது, ஊர் ஊராகக் கிடாவெட்டு நடந்துகொண்டே இருந்தது. 2003இல் ஜெயலலிதா அரசு திடீரென்று தூசி தட்டி எடுத்துக் கலெக்டர்களுக்கு உத்தரவு போட, குலதெய்வக்காரர்களிடம் எதிர்ப்புக் கிளம்பி, 2004இல் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தார்கள். அதை ரத்து செய்தது சரியா தப்பா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. 325ஆம் பிரிவும் இப்படித் தூங்கக் கூடாது என்றால் உங்களைப் போல ஒருவர் தேதி போட்டு எழுதிக் கொடுத்து, பதில் வரும்வரை படி ஏறியாக வேண்டும். மாவட்டத்துக்கு மாவட்டம் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என்று 2001 விதிகள் சொல்கின்றன, கலெக்டர் அலுவலகத்தில் விசாரித்து அவர்களுக்கும் ஒரு நகல் கொடுங்கள். கூட ஒரு ஆள் வந்தால் ஸ்டேஷனில் குரல் மாறும்.

மொட்டைமாடி நாய்க்கு வருகிறேன். அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நியாயமில்லாத நேரத்துக்குக் கட்டிப் போடுவது வதைத் தடுப்புச் சட்டத்தின் 11(1)இல் 'எஃப்' உட்பிரிவு. போதுமான சோறு, தண்ணீர், நிழல் கொடுக்காதது 'ஹெச்'. இங்கே ஐம்பது ரூபாய்தான், போலீஸ் நேரடியாக வழக்குப் போடவும் முடியாது. அதனால் சட்டத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் கொடுமைக்காரர்கள் இல்லை, மகன் ஆசைப்பட்டு வாங்கிவிட்டு வேலைக்குப் பெங்களூர் போயிருப்பான், அம்மாவுக்கு அந்த நாயைப் பிடித்து நடக்கத் தெம்பு இருக்காது. சாயங்காலம் வெயில் தாழ்ந்தபிறகு போய், "இந்தச் சித்திரை வெயிலில் தரை சுடுதே, ஒரு கீற்றுப் பந்தல் போட்டுக்கொடுக்கட்டுமா, காலையில் ஒரு நடை நான் கூட்டிப் போகிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். எட்டு பத்தடி நீளச் சங்கிலி ஒன்றும் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், பெரிய செலவில்லை. இரண்டு வாரம் பாருங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் தேதி தெரிகிற மாதிரி நாலைந்து நாள் மத்தியான நேரத்தில் உங்கள் மாடியிலிருந்தே போட்டோ எடுத்து வையுங்கள், அவர்கள் மாடியில் ஏற வேண்டாம். அதை எடுத்துக்கொண்டு அந்த மாவட்டச் சங்கத்துக்கே போகலாம்.

கேமரா இருக்கிற வீட்டுக்கு மட்டும் இன்றைக்கே போய்விடுங்கள்.